வாத்தியார் சொல்லிக்கொடுத்ததை ஆளுக்கொன்றாக எழுதுங்கள்

நம் ரேஞ்சில் துப்பாக்கி சுடச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு நேற்றுப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அவர் உட்காரும் மர நாற்காலியை முதல் லேனுக்கு (சுடுகிறவர் நிற்கும் தடம்) பின்னால் அப்படியே விட்டிருக்கிறோம். பாராட்டுரை வேண்டாம். அவர் வாயால் சொன்னதை அளவோடு எழுதுங்கள், புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும். முதலில் நானே தொடங்குகிறேன்.

பத்து மீட்டர் ஏர் ரைபிளில் (காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி) இலக்கு அட்டையின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. நடுவில் இருக்கும் பத்து மதிப்பெண் இடம் வெறும் 0.5 மி.மீ. புள்ளி. அதைக் கை பலத்தால் பிடித்து நிறுத்த முடியாது என்பதுதான் அவருடைய முதல் பாடம். ரைபிளை ஏற்றி நின்றதும் கண்ணை மூடச் சொல்வார். இரண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திறந்தால், சைட் (குறிபார்க்கும் கருவி) எங்கே நிற்கிறதோ அதுதான் உடம்பு கேட்கும் இடம். அது இடப்பக்கம் தள்ளி நின்றால் தோளைத் திருப்பக் கூடாது. வலக்கைக்காரர் வலது பாதத்தை ஒரு விரலளவு பின்னால் இழுத்தால் முனை வலப்பக்கம் வரும். முன்னால் வைத்தால் இடப்பக்கம் போகும். தசையால் இழுத்துப் பிடித்துச் சுட்டால், ட்ரிகர் (விசை) விடுபடும் நொடியில் உடம்பு பழைய இடத்துக்கே திரும்பும், குண்டும் கூடவே போகும். பத்து குண்டுக்கு ஒருமுறை இதைத் திரும்பப் பார்க்க வைப்பார். கால் களைத்தால் இடுப்பு சரியும், நமக்குத் தெரியாது. அவருக்குப் பின்னாலிருந்தே தெரிந்துவிடும்.

—

காற்று நிரப்புவதில் அவரைப் போலப் பொறுமைசாலி யாருமில்லை. ரைபிளில் மாட்டும் காற்றுச் சிலிண்டருக்கு 200 பார் (அழுத்த அளவு). பெரிய சிலிண்டரின் வால்வைத் தலைமுடி அளவுதான் திறப்பார். முள் நகர்வது கண்ணுக்குத் தெரியவே கூடாது. வேகமாக நிரப்பினால் காற்று சூடாகும், கேஜ் (அழுத்தமானி) 200 காட்டும், ஆறியதும் இறங்கிவிடும். கைப்பம்பு நம் ஊர் ஈரக்காற்றையும் சேர்த்துத் தள்ளும். அது உள்ளே தண்ணீராகி சீலையும், ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அழுத்தம் தரும் ரெகுலேட்டரையும் கெடுக்கும் என்பதால் அதை அவர் அனுமதித்ததில்லை. கனெக்டரில் சாதாரண எண்ணெய் ஒரு சொட்டும் படக் கூடாது. அந்த அழுத்தத்தில் எண்ணெய் தீப்பற்றும்.

100 பாருக்கு இறங்கியதும் மறுபடி நிரப்பிவிடுவார். குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறினால் பிள்ளையின் மூச்சைக் குறை சொல்லுமுன் கேஜைப் பார்ப்பார். கொஞ்சநேரம் சும்மா வைத்த ரைபிளின் முதல் குண்டு மட்டும் திரும்பத் திரும்ப விலகினால், ரெகுலேட்டர் அழுத்தத்தைப் பிடித்து வைக்கவில்லை என்று சந்தேகப்படுவார். குற்றம் சுடுகிறவர்மேல் என்று அவசரப்பட்டு முடிவுகட்டாத மனசு அவருக்கு.

—

கண்ணாடித் துண்டை யாரும் எழுதவில்லையே! சட்டைப் பையில் வைத்திருப்பார், உள்ளங்கை அகலம். அதைச் சற்றே சாய்த்து பெல்லட்டை (ஏர் ரைபிளின் ஈயக் குண்டு) ஒவ்வொன்றாக உருட்டுவார். நல்ல பெல்லட் வளைந்து ஒரே சீராக உருளும். பின்பக்க விளிம்பு நசுங்கியது தத்தித் தத்திப் போகும். அதைத் தனி டப்பியில் போட்டு டிரில்லுக்கு (பயிற்சிக்கு) என்று எழுதிவைப்பார். 500 பெல்லட் டின்னில் மூடிக்கு அடியில் ஸ்பாஞ்ச் வைப்பதும் அவர் பழக்கம்தான். பஸ்ஸில் குலுங்கினாலே ஈயம் நசுங்கும்.

4.49, 4.50 மி.மீ. என்று பெல்லட்டின் தலை அளவை எல்லாரும் பேசுவோம். எந்த பேரல் (குழல்) எதை ஏற்கும் என்பதைச் சுட்டுத்தான் பார்க்கணும் என்பார். ரைபிளை கிளாம்ப்பில் இறுக்கி, ஒவ்வொரு டின்னிலும் பத்து குண்டு. ஓட்டையின் வெளி விளிம்புக்கு விளிம்பு 6 மி.மீ.க்குள் வந்தால் அந்த டின்னின் பேட்ச் எண்ணை நோட்டில் குறிப்பார். பேரலைத் துடைக்க ஃபெல்ட் துண்டு மட்டும், அதுவும் பின்பக்கமிருந்து. முனை வழியாக இரும்புக் கம்பி விட்டால் வாய் விளிம்பு தேயும். குண்டுகள் ஒரே இடத்தில் விழும் அந்த குரூப் ஒருநாளும் திரும்ப வராது.

ரேஞ்சில் தின்பண்டம் கூடாது என்பதில் கறார். பெல்லட் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் அவர் வாங்கி வந்த கடலைமிட்டாய் கிடைக்கும்.

—

பிஸ்டல்காரர்கள் சார்பில் ஒன்று. ஏர் பிஸ்டல் ட்ரிகர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும். பேரல் செங்குத்தாக நிற்க, எடையை ட்ரிகரில் மாட்டித் தூக்குவார், விடுபட்டால் தோல்வி. போட்டிக்கு 520 வரை ஏற்றி வைப்பார். ஸ்பிரிங் தளர்ந்து சோதனை மேஜையில் ஒரு பிள்ளை அழக் கூடாது என்பதற்காக.

60 குண்டுக்கு 75 நிமிஷம் என்பதை அவர் ரொம்ப நீளமான நேரமாகக் காட்டிவிடுவார். எட்டு நொடியில் குண்டு விடுபடவில்லையென்றால் பிஸ்டலை இறக்கு. அதற்கு மேல் கண் பழைய பிம்பத்தையே காட்டும். சுட்ட பிறகும் இரண்டு நொடி அப்படியே நில். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டில் 10.8 போட்டதைச் சொல்லும்போதுகூட, மதிப்பெண்ணைவிட அதற்குப் பிறகான நிலையைத்தான் நடித்துக் காட்டுவார்.

—

வீட்டு விஷயம், இதைக் கவனமாகப் படியுங்கள். வாத்தியாருடைய .22 ரைபிளுக்கு (வெடிமருந்துத் தோட்டா போடுவது) லைசன்ஸ் அவர் பெயரில். வைத்திருப்பவர் இறந்தால் ஆயுதத்தைத் தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசன்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1959 ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. குண்டுகளுக்கும் அதேதான். வாத்தியார் வீட்டு அக்கா லைசன்ஸ் புத்தகம், இறப்புச் சான்றிதழோடு போய் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டார்கள். நினைவுக்காக என்று யாரும் அதைக் கேட்டு அக்காவைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

ஏர் ரைபிள் வேறு. குழல் .177 அங்குல அளவு, குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாதது, அதனால் லைசன்ஸ் தேவையில்லை. அதை ரேஞ்சுக்கே தருகிறேன் என்று அக்கா சொன்னார்கள். பெட்டியைத் திறந்தபோது சேம்பரில் (குண்டு போடும் இடம்) குண்டு இல்லை என்று காட்டும் ஆரஞ்சு பாதுகாப்புக் கொடி செருகியே இருந்தது. கண்ணாடித் துண்டும் ஜாக்கெட் பைக்குள்தான் இருக்கிறது. சிலிண்டரில் பொறித்த தேதிப்படி அதைப் பயன்படுத்தக்கூடிய பத்து ஆண்டு இந்த மாதத்தோடு முடிகிறது. அவர் கடைசியாக நிரப்பிய காற்று இன்னும் உள்ளே இருக்கிறது, 160 பார். வைத்துக்கொள்ளணும் என்று எனக்கும் ஆசைதான். சனிக்கிழமை காலை எல்லாரும் வாருங்கள். மெதுவாகத் திறந்து காலி செய்துவிட்டு, புது சிலிண்டர் மாட்டிப் பிள்ளைகளிடம் கொடுப்போம்.