குளுக்கோஸ் இல்லாமலே நீலமாகிறது, உதவுங்கள்

மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடின் நானோ துகள்களைப் பெராக்சிடேஸ் நொதிக்கு (ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு சாயப்பொருளை நிறமாக்குவது) பதிலாக வைத்து குளுக்கோஸ் கண்டறியும் சோதனை செய்கிறேன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்: குளுக்கோஸே சேர்க்காத குழாயும் நீலமாகிவிடுகிறது. குறைந்த அளவு குளுக்கோஸைப் பிடிப்பதுதான் இந்த வேலையின் உயிர். அது இதிலேயே மூழ்கிப்போகிறது.

துகள்கள் இணைவீழ்படிவு முறையில் (இரும்பு உப்புக் கரைசலில் காரம் சேர்த்து வீழ்படியச் செய்வது) நானே தயாரித்தவை, சுமார் 15 நானோமீட்டர். முதலில் மாதிரியை, குளுக்கோஸிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியுடன் பி.ஹெச். 7-இல், 37 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைக்கிறேன். அப்புறம் பி.ஹெச். 4 அசிட்டேட் கரைசலில் துகள்களும், ஆக்சிஜனேற்றமானால் நீலமாகும் டி.எம்.பி. என்ற சாயப்பொருளும் சேர்த்து, அந்த நீலத்தை 652 நானோமீட்டர் ஒளியில் அளக்கிறேன். குளுக்கோஸ் சேர்க்காத வெற்றுக் குழாயில் பத்து நிமிடத்துக்குள், அடியில் துகள் படிந்த இடத்தில்தான் முதல் நீலம் தெரிகிறது. அங்கிருந்து மேலே பரவுகிறது.

புதிய டி.எம்.பி. போட்டுப் பார்த்தேன். துகள்களைக் காந்தத்தால் பிரித்து ஐந்து முறை கழுவினேன். குளுக்கோஸ் ஆக்சிடேஸை விட்டுவிட்டாலும் நீலம் வருகிறது. துகள் இல்லாவிட்டால் வருவதில்லை, ஆக கோளாறு துகள் பக்கம்தான். நைட்ரஜன் செலுத்தியபோது நிறம் கொஞ்சம் குறைந்தது, முழுதாகப் போகவில்லை.

இது அமிலத்தில் கரைந்து வரும் இரும்பு அயனியின் வேலையா, துகளுக்கே உள்ள ஆக்சிடேஸ் போன்ற குணமா (பெராக்சைடு இல்லாமல் கரைந்துள்ள ஆக்சிஜனைக் கொண்டே டி.எம்.பி.யை நீலமாக்குவது) என்று உறுதியாகப் பிரித்தறிய எந்தச் சோதனை செய்யலாம்?