எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்து செட்டிநாட்டு வீட்டுக்குத் திரும்பும் பிள்ளைகள்

மாற்றுப் பிரிவுச் செவிலியர்:

பிள்ளை ஊருக்கு வருகிறது என்றதும் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பழைய சுண்ணாம்புச் சுவரைச் சுரண்டினால் பறக்கும் தூசியில் அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் இருக்கும். நோய் எதிர்ப்பே இல்லாத நுரையீரலில் அது நிமோனியாவாகப் பிடித்துக்கொள்ளும். ரத்தப் புற்றைக் கடந்த பிள்ளை தூசியால் விழக் கூடாது. வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றியிருக்கும் அறைகளில் ஒழுகாத, புறா அடையாத, சாரல் படாத ஒன்றை ஒதுக்குங்கள். வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த அறை ஆகாது. ஆத்தங்குடிக் கல் தரை பெரிய வசதி: விளக்குமாறு போடாமல் ஈரத்துணியால் தினம் துடைக்கலாம். துடைக்கும் நேரம் பிள்ளை வேறு அறையில் இருக்கட்டும்.

சமையலில் பலரும் விட்டுவிடுவது மிளகுத்தூள். இறக்கியபின் மேலே தூவும் மிளகிலும் சீரகத்திலும் பூஞ்சையும் கிருமியும் சாகாமல் இருக்கும், கொதிக்கும்போதே போட்டுவிடுங்கள். ஆவி பறக்கும் இட்லி, அப்போது வடித்த சோறு தாராளமாகத் தரலாம். பச்சைத் தேங்காய்ச் சட்னி, பழைய சோறு, உப்புக்கண்டம் மூன்றும் மருத்துவர் சரி சொல்லும்வரை வேண்டாம்.

மருந்தாளுநர்:

அக்கா சொன்னதோடு ஒன்று. மஜ்ஜை கொடுத்தவரின் அணுக்கள் பிள்ளையின் உடம்பைத் தாக்காமல் அடக்கிவைக்கும் மருந்து டாக்ரோலிமஸ் அல்லது சைக்ளோஸ்போரின். ரத்தத்தில் அதன் அளவு பார்க்கும் நாளில், ரத்தம் எடுத்த பிறகே காலை மருந்து. முன்பே கொடுத்தால் அளவு பொய்யாக ஏறித் தெரியும், மருத்துவர் டோஸைக் குறைப்பார். மருந்து போதாதபோது கொடையாளரின், அதாவது மஜ்ஜை கொடுத்தவரின், அணுக்கள் பிள்ளையின் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கும். சளிக்கு என்று கிளாரித்ரோமைசின் கடையில் கேட்டு வாங்கவே கூடாது. அது இந்த மருந்துகளின் அளவை உடம்பில் ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பம்பளிமாஸ் பழமும் அந்த அளவை ஏற்றும்.

குழந்தைநல மருத்துவர்:

100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். முதல் ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். மதுரையோ திருச்சியோ போய்ச் சேரவே அதைவிட நேரமாகும். ஆகவே ஊருக்குக் கிளம்பும்முன் மாற்றுப் பிரிவில் ஒரு கடிதம் வாங்குங்கள்: பிள்ளையின் எடை, ஏற்ற வேண்டிய மருந்து, அளவு, மருந்து ஏற்ற நெஞ்சில் வைத்திருக்கும் குழாயைக் கையாளும் முறை, ரத்தம் ஏற்ற நேர்ந்தால் "கதிர்வீச்சு செய்த ரத்தம் மட்டும்" என்ற குறிப்பு. உள்ளூர் மருத்துவமனையில் முதல் டோஸை ஏற்றிவிட்டு வண்டி ஏறலாம்.

வயிற்றுப்போக்கை "நிறைய" என்று சொல்லாமல் அளந்து சொல்லுங்கள். 15 கிலோ பிள்ளைக்கு ஒரு நாளில் 150 மி.லி. தாண்டினால் அன்றே பேசுங்கள். உள்ளங்கை, பாதம், காதுப்புறம் சிவந்தாலும் அப்படியே. கொடையாளரின் அணுக்கள் தாக்குவதன் அறிகுறியாக இவை இருக்கலாம்.

மாற்றுப் பிரிவுச் செவிலியர்:

அப்பத்தாமார் குன்றக்குடிக்கு மொட்டை நேர்ந்திருப்பார்கள். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் ஏறி மருத்துவர் சம்மதிக்கும்வரை தலையில் கத்தி படக் கூடாது, காதுகுத்தும் அதுபோலத்தான். முருகன் பொறுத்திருப்பான். வீட்டிலிருக்கும் தம்பி தங்கைக்குப் போலியோ சொட்டு கொடுத்தால் அந்தக் கிருமி மலத்தில் வெளியேறி இந்தப் பிள்ளைக்குத் தொற்றலாம். சொட்டுக்குப் பதில் ஊசி கேளுங்கள்.