டோப் டெஸ்ட்ல மாட்டின பிளேயர் இன்ஸ்டால எப்படி பேசணும்?

தடகளப்பித்து:
என்கூட ஓடுற பொண்ணு ஒருத்தி டோப் டெஸ்ட்ல மாட்டிக்கிட்டா. எடுத்த மாதிரிய ரெண்டா பிரிப்பாங்கள்ல, அதுல முதல்ல பாக்குற ஏ சாம்பிள் பாசிட்டிவ், அத சரிபாக்குற பி சாம்பிள் ரிசல்ட் இன்னும் வரல. சப்ளிமெண்ட்லேர்ந்துதான் வந்திருக்கணும்னு சொல்றா, நான் நம்புறேன். ஆனா கமெண்ட்ஸ் படிக்க முடியல, எப்பவோ போட்ட பர்த்டே போட்டோக்கு கீழ போய் ஊசி எமோஜியா போட்டு வெச்சிருக்காங்க. அக்கவுண்ட்ட மூடிடவா, இல்ல அழுதாலும் பரவால்லன்னு ஒரு வீடியோ போட்டுடவான்னு கேக்குறா. என்ன சொல்றதுன்னே தெரியல.

பேஸ்லைன்:
மூட வேண்டாம்னு சொல்லுங்க, மூடினா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். டென்னிஸ் பிளேயர் ஷரபோவாவ பாருங்க, 2016 மார்ச்ல வெளிய கசியறதுக்கு முன்னாடியே அவங்களே பிரஸ்ஸ கூப்பிட்டு மெல்டோனியம்னு ஒரு இதய மருந்து எடுத்தேன், தடை லிஸ்ட்ட பாக்காம விட்டது என் தப்புன்னு சொன்னாங்க. அந்த ஜனவரி 1லேர்ந்துதான் அதுக்கு தடையே வந்துச்சு. அஞ்சு தடவ வார்னிங் குடுத்தும் கேக்கலன்னு செய்தி வந்தப்ப பேஸ்புக்ல நீளமா எழுதி மறுத்தாங்க. ரெண்டு வருஷ தடை அப்பீல்ல 15 மாசம் ஆச்சு. இன்னிக்கும் நம்பாதவங்க இருக்காங்க, ஆனா மறைச்சாங்கன்னு யாரும் சொல்ல முடியாது.

நாலாவது லேன்:
பேஸ்லைன் சொல்றது பாதிதான் சரி. ஷரபோவாவுக்கு என்ன மருந்து, எப்படி உள்ள போச்சுன்னு தெரியும், இந்த பொண்ணுக்கு அது தெரியாது, "இருக்கணும்"னுதான் சொல்றா. அமெரிக்க ஓட்டக்காரி ஷெல்பி ஹூலிஹான், நாண்ட்ரோலோன்ங்கற ஸ்டீராய்டு பன்னிக்கறி பரிட்டோலேர்ந்து (சுருட்டின ரொட்டி மாதிரி சாப்பாடு) வந்திருக்கலாம்னு சொன்னாங்க, 2021ல விளையாட்டு நடுவர் மன்றம் ஏத்துக்கல, நாலு வருஷ தடை, அதுக்கப்புறம்தான் இன்ஸ்டால எழுதினாங்க. அவங்க ஓடின ஓட்டமெல்லாம் மறந்துபோய் அந்த பரிட்டோ மட்டும்தான் ஊர் வாயில நின்னுச்சு. தீர்ப்புக்கு அப்புறம் எழுதினதுக்கே இப்படி, விசாரணைக்கு முன்னாடி காரணம்னு ஒண்ண போஸ்ட்ல எழுதிட்டா அப்புறம் அதுலேர்ந்து நகரவே முடியாது, வக்கீல் பாக்காம ஒரு வரி கூட போடாதீங்க.

பழைய ஸ்பைக்ஸ்:
நானும் இதே மாதிரி மாட்டி தடை முடிச்சு வந்தவன், அதனால சொல்றேன். முதல் ராத்திரியே கோவத்துல எட்டு போஸ்ட் போட்டேன், பேர கெடுக்க சதின்னு கூட எழுதினேன், காலைல டெலிட் பண்றதுக்குள்ள எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டாங்க, இன்னிக்கும் அதத்தான் ஷேர் பண்றாங்க. சைக்கிள் வீரர் ஆர்ம்ஸ்ட்ராங் 2012ல டோப்பிங்னால டூர் டி பிரான்ஸ் பட்டமெல்லாம் பறிபோன அடுத்த மாசமே அந்த ஏழு பட்டத்துக்கான மஞ்சள் ஜெர்சிக்கு நடுவுல சோபால படுத்து போட்டோ போட்டாரே, அத பாத்து எவ்ளோ பேருக்கு வயிறு எரிஞ்சுதுன்னு ஞாபகம் இருக்கும்.

டென்னிஸ் பிளேயர் ஸ்வியாடெக்கும் இப்படி மாட்டி வீடியோ போட்டாங்க, அது எடுபட்டதுக்கு காரணம் அழுகை இல்ல. அவங்க தூக்கத்துக்கு எடுத்த மெலடோனின் மாத்திரைலயே கலப்படம் இருந்துச்சுன்னு லேப் ரிப்போர்ட்டும், ஒரு மாச தடைன்னு தீர்ப்பும் கைல வந்த அப்புறம்தான் 2024 நவம்பர்ல பேசினாங்க. அப்பவும், முன்னாடி டோப்பிங் தடை வாங்கின இன்னொரு டென்னிஸ் பிளேயர் ஹாலெப், எனக்கு மட்டும் ஏன் வேற மாதிரி நடந்துச்சுன்னு பகிரங்கமா கேட்டாங்க, அந்த கேள்வி நியாயமானதுதான்.

இப்போதைக்கு "பாசிட்டிவ் வந்திருக்கு, விசாரணைக்கு ஒத்துழைக்கிறேன், முடிஞ்சதும் முழுசா சொல்றேன்" அவ்ளோதான், கமெண்ட் ஆஃப். அப்புறம் முக்கியமா அந்த சப்ளிமெண்ட் டப்பா எங்க? பிரிச்ச டப்பாக்கு மதிப்பு கம்மி, அதே லாட் நம்பர்ல (ஒரே தடவ தயாரிச்சதுக்கு டப்பால போடுற எண்) சீல் பிரிக்காதது கிடைச்சா உடனே வக்கீல்கிட்ட சொல்லுங்க, அவ கை அதுல படவே கூடாது.

தடகளப்பித்து:
இப்பதான் போன் பண்ணேன் அண்ணா. டப்பாவ தூக்கி போடல, அடில ரெண்டு ஸ்கூப் பவுடர் மிச்சம் இருக்காம். லாட் நம்பர் பாதி அழிஞ்சிருக்கு, டார்ச் அடிச்சு பாத்து படிச்சு சொன்னா, எழுதி வெச்சிருக்கேன். வீடியோ இப்போ வேண்டாம்னு சொல்லிட்டேன்.