2எம் ரெட் ஊசிக்கு 1.8 கிராம் வேண்டுமா, 1.4 போதாதா?

பழந்தட்டு:
போன வாரம் ரெக்கார்ட் பிளேயரில் ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் ஊசி மாட்டினேன். ஊசி தட்டை அழுத்தும் பாரம் கம்பெனி சொல்வது 1.8 கிராம், 1.6 முதல் 2 வரை வைக்கலாம். நான் 1.4இல் ஓட்டுகிறேன். என்னிடம் இருப்பவை அப்பா சேர்த்த இசைத்தட்டுகள், போனால் திரும்பக் கிடைக்காதவை. பாரம் குறைந்தால் தேய்மானமும் குறையும்தானே? ஷ்யூர் வி15 டைப் 3 ஊசி கூட 1 கிராம் அளவில்தானே ஓடியது.

ஊசிமுனை:
அண்ணா, வி15 அந்தப் பாரத்துக்கென்றே செய்தது. அதன் ஊசித்தண்டைத் தாங்கும் ரப்பர் மிகவும் இளக்கம். 2எம் ரெட்டை அப்படி ஓட்டினால், குரல் உச்சத்துக்குப் போகும் இடத்தில் ஊசி பள்ளத்தின் சுவரை விட்டு எம்பும், எம்பினது திரும்ப வந்து மோதும். மோதுவது வைரம், வாங்கிக்கொள்வது வினைல். அந்தக் காயம் பட்ட பிறகு எத்தனை கிராம் வைத்தாலும் கரகரப்பு போகாது. அப்பாவின் தட்டு என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன், 1.4 வேண்டாம்.

பழந்தட்டு:
எனக்குக் கரகரப்பு எதுவும் கேட்கவில்லையே. பக்கத்தின் முதல் பாட்டு கண்ணாடி மாதிரி இருக்கிறது.

ஊசிமுனை:
முதல் பாட்டில் கேட்காது. எல்பியின் வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் பள்ளம் நொடிக்கு சுமார் 50 சென்டிமீட்டர் ஓடும். லேபிளை நெருங்கும்போது அது 21 அளவுக்கு வந்துவிடும். அதே அளவு ஒலியைப் பாதியைவிடக் குறைவான நீளத்தில் நெருக்கி வெட்டியிருப்பார்கள், அங்கேதான் ஊசி தடுமாறும். கடைசிப் பாட்டைப் போட்டு, பாடுபவர் 'ஸ' சொல்லும் இடங்களை மட்டும் கேளுங்கள்.

மலைக்காற்று:
நடுவில் ஒன்று. நான் ஊட்டியில் இருக்கிறேன், டிசம்பர் காலையில் அறை 12 டிகிரி. குளிரில் அந்த ரப்பர் விறைத்துக்கொள்ளும், அதனால் என் ஆடியோ டெக்னிகா விஎம்95இ ஊசியை 2.2இல் வைக்கிறேன். அதற்கு அனுமதி 1.8 முதல் 2.2 வரை. அப்புறம் பழந்தட்டு அண்ணா, அந்த 1.4ஐ எதில் அளந்தீர்கள்?

பழந்தட்டு:
ஊசி மாட்டிய கையின் பின்முனையில் உள்ள எடைக்குண்டின் முன்னால் இருக்கும் எண் வளையத்தைத் திருப்பி 1.4க்குக் கொண்டுவந்தேன்.

மலைக்காற்று:
வளையத்தை மட்டுமா? அது எண் காட்டும் வளையம்தான், தனியாகச் சுற்றினால் பாரம் துளியும் மாறாது. முதலில், கை தட்டின் நடுப்பக்கம் இழுபடுவதை ஈடுகட்டும் ஆண்டி ஸ்கேட்டிங்கை 0க்குக் கொண்டுவாருங்கள். குண்டைத் திருப்பித் திருப்பி, கை மேலேயும் போகாமல் கீழேயும் சாயாமல் அந்தரத்தில் மிதக்கவிடுங்கள். அந்த நிலையில் வளையத்தை மட்டும் 0க்கு வைத்து, பிறகு வேண்டிய எண் வரும்வரை குண்டோடு சேர்த்துத் திருப்புங்கள். முடிந்ததும் ஆண்டி ஸ்கேட்டிங்கையும் அதே எண்ணுக்கு வையுங்கள். ஒரு டிஜிட்டல் தராசும் வாங்குங்கள், ஆனால் இரும்புத் தட்டு வைத்தது வேண்டாம், ஊசி செருகியிருக்கும் கார்ட்ரிட்ஜில் உள்ள காந்தம் அதை இழுத்துத் தப்பான எண் காட்டும்.

பழந்தட்டு:
தராசு வந்தது. நான் 1.4 என்று நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் 1.1! கடைசிப் பாட்டில் 'ஸ' வரும் இடமெல்லாம் எச்சில் தெறிக்கிற மாதிரிதான் கேட்டது. ஆனால் அது பழைய தேய்மானமாகவும் இருக்கலாமே? அப்பா காலத்து பிளேயர் எத்தனை கிராமில் அழுத்தியதோ.

ஊசிமுனை:
இருக்கலாம், அதை மறுக்கவில்லை. பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது, அதிகம் ஓட்டாத புதுத் தட்டு ஒன்றின் கடைசிப் பாட்டை 1.8இல் கேளுங்கள். 1.1இல் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

பழந்தட்டு:
போட்டேன். புதுத் தட்டில் 1.8இல் சுத்தமாக வந்தது. அப்பாவின் தட்டில் தெறிப்பு பாதிதான் குறைந்தது, மீதி பழைய காயம் போலிருக்கிறது. இனி 1.7இல் ஓட்டுகிறேன், அதற்கு மேல் மனசு வரவில்லை.

ஊசிமுனை:
1.7 அனுமதிக்குள்தான் இருக்கிறது, சரி. மார்கழிக் குளிரில் மட்டும் 1.8க்கு ஏற்றிவிடுங்கள் அண்ணா.