அழைப்பு என்று எப்படித் தெரிந்தது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ப்ளஸ் டூ மாணவியின் அம்மா, ஆற்காடு

மகள் நர்சிங்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஆண்டவர் கூப்பிடுகிறாராம். "போன வருஷம் உன்னை டீச்சர் வேலைக்குத்தானே கூப்பிட்டார்?" என்று அவள் அப்பா கேட்டுவிட்டார், இரண்டு நாளாக வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. நிஜமான அழைப்பா, இந்த வயதில் வந்து போகும் ஆசையா? பெரியவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற நர்ஸ், ராணிப்பேட்டை

எங்கள் பக்கத்தில் இந்தப் பேச்சு வந்தால் ஐடா ஸ்கடர் அம்மாவை இழுக்காமல் முடியாது. 1870இல் இதே ராணிப்பேட்டையில் பிறந்தவர். மிஷனரி டாக்டர்கள் குடும்பம்தான், ஆனால் அவருக்கு இந்த ஊரே வேண்டாம். அமெரிக்காவில் கல்யாணம் செய்துகொண்டு வசதியாக இருக்க ஆசை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று வீட்டிலும் பிரசவச் சிக்கல். "நான் டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர், அவர் வருவார்" என்றிருக்கிறார். ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவருமே திரும்பிவிட்டார்கள். விடிந்தபோது அந்த மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

சபைகளில் கதையை இங்கேயே முடித்து ஜெபத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. வேலையே அதற்கு அப்புறம்தானே தொடங்குகிறது! கப்பல் ஏறிப் போய், கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் வாங்கினார். ஆஸ்பத்திரி கட்டப் பணத்துக்கு அலைந்து, நியூயார்க் பாங்கர் ஒருவரிடம் 10,000 டாலர் பெற்றார். 1900இல் வேலூரில் அவர் தொடங்கியபோது இருந்தது ஒரே ஒரு கட்டில். 1902இல் 40 படுக்கை ஆஸ்பத்திரி, 1909இல் நர்சிங் பள்ளி, 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி. நடுவில் குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்திப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒரு ராத்திரிக்காக இத்தனை வருஷப் பாடு.

என் கதவை யாரும் தட்டவில்லை. அப்பா இறந்த பிறகு ஹாஸ்டலும் ஸ்டைபண்டும் கிடைக்கும் என்று மாமா கொண்டுபோய்ச் சேர்த்தார், அவ்வளவுதான். முதல் வருஷம் பெட்பான் கழுவியே வெறுத்துப்போய், ஊருக்கு பஸ் எத்தனை மணிக்கு என்பதுதான் நினைப்பு.

பிறகு பிரசவ வார்டில் ஒரு நைட் டியூட்டி. தலைப்பிரசவம், குழந்தை நன்றாக இருக்கிறது, நஞ்சுக்கொடியும் வந்துவிட்டது. ஆனால் தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. சிஸ்டர் என் கையை இழுத்து அவள் தொப்புளுக்குக் கீழே வைத்து, "வட்டமாகத் தேய், நான் சொல்லும்வரை நிறுத்தாதே" என்று சொல்லிவிட்டு ஊசி போடத் திரும்பினார். உள்ளே கருப்பை மாவுபோலக் கொழகொழவென்று இருந்தது. தேய்க்கத் தேய்க்கக் கொஞ்சம் இறுகும். விட்டால் மறுபடி தளர்ந்துவிடும். என் தோள்பட்டை விட்டுப்போனது. திடீரென்று கைக்கடியில் கெட்டியாக ஒரு உருண்டை. அப்படியே நின்றது, தளரவில்லை. ரத்தமும் மட்டுப்பட்டது. அந்தப் பெண் கண்ணைத் திறந்து, "அக்கா, என்ன குழந்தை?" என்றாள். பொம்பளப் பிள்ளை என்றேன்.

டியூட்டி முடிந்தும் நான் ஹாஸ்டலுக்குப் போகவில்லை. நாடி பார்க்கிறேன் என்ற சாக்கில் அவள் கட்டிலையே சுற்றிக்கொண்டிருந்தேன். வானத்திலிருந்து சத்தமெல்லாம் கேட்கவில்லை. பஸ் நினைப்பு மட்டும் அதோடு போய்விட்டது.

லேத் பட்டறைக்காரர், கோயம்புத்தூர்

அக்கா சொன்னது சரி. ஆனால் எங்களைப் போல வீட்டுக் கடனும் பிள்ளைகள் ஃபீஸும் உள்ளவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அழைப்பு என்றதும் வேலையை விட்டுவிடு என்று சாட்சி சொல்கிறவர்கள் பலருக்குப் பின்னால் சம்பாதிக்கிற ஓர் அண்ணனோ மனைவியோ இருப்பார்கள்.

எங்கள் ஆலயத்தில் காது கேளாத தம்பி ஒருவன் வாரம் தவறாமல் வருவான். எல்லாரும் சிரித்தால் இவனும் சிரிப்பான். அது எனக்கு என்னவோ போல இருந்தது. சைகை மொழி கற்றுக்கொண்டேன். இப்போது கடைசி ஆராதனையில் அவனும் அவன் நண்பர்களும் உட்காரும் வரிசைக்கு முன்னால் நின்று பிரசங்கத்தைச் சைகையில் சொல்கிறேன். தப்பாகக் காட்டினால் அவன் எழுந்து வந்து என் விரலைப் பிடித்துத் திருத்திவிட்டுப் போவான். பிரசங்கம் செய்யும் போதகர் ஐயரும் நிறுத்திக் காத்திருப்பார். வாரத்தில் மற்ற ஆறு நாளும் லேத்துதான்.

ப்ளஸ் டூ மாணவியின் அம்மா, ஆற்காடு

அக்கா, பெட்பான் விஷயத்தை மகளிடம் வாசித்துக் காட்டினேன். முகம் சுருங்கியது. இருந்தாலும் அப்ளிகேஷன் போடு என்கிறாள்.

ஓய்வுபெற்ற நர்ஸ், ராணிப்பேட்டை

முகம் சுருங்கட்டும், எனக்கும் சுருங்கியது. அப்ளிகேஷனைப் போட்டு வையுங்கள், தேதி போனால் திரும்ப வராது. பரீட்சை முடிந்ததும் ஒரு வாரம் என்னிடம் அனுப்புங்கள். எங்கள் தெருவில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் பாட்டி ஒருவருக்குக் காலையில் உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்கவைக்கப் போவேன். கூட வரட்டும். அவள் அப்பாவும் வந்தால் நல்லது, பாட்டியைத் தூக்க ஆள் வேண்டும்.