டிரம் ஸ்மோக்கருக்குக் கழற்றி மாட்டும் தெர்மாமீட்டர் பிடி: யோசனை வேண்டும்

நண்பர்களே, என்னிடம் இருப்பது 200 லிட்டர் டிரம் ஸ்மோக்கர் (டிரம்முக்குள் கரி மூட்டி, புகையிலும் சூட்டிலும் இறைச்சியை மெதுவாக வேகவைக்கும் அடுப்பு). மூடியில் இருக்கும் டயல் மீட்டர் மேலே தேங்கும் காற்றின் சூட்டைத்தான் காட்டும். இறைச்சி கிடக்கும் கம்பித்தட்டு மட்டத்தில் 110–120 டிகிரி செல்சியஸ் நிற்கிறதா என்பதுதான் தெரிய வேண்டும். அதற்கு ஒயர் வைத்த புரோபை (சூட்டை அளக்கும் உலோகக் குச்சி) தட்டிலேயே நிறுத்த ஒரு பிடி.

1 மி.மீ. ஸ்டெயின்லெஸ் பட்டை, 25 மி.மீ. அகலம், 15 செ.மீ. நீளம். 'ப' வடிவில் மடித்து, இரண்டு சுவரிலும் நேருக்கு நேர் 4.5 மி.மீ. துளை (புரோப் 4 மி.மீ.). ஒரே துளை போட்டால் புரோப் தலை தொங்கி, நுனி கம்பியைத் தொட்டுவிடும். அப்புறம் காட்டுவது கம்பியின் சூடு, காற்றின் சூடு அல்ல. நுனி தட்டுக்கு 2 செ.மீ. மேலே, இறைச்சிக்கு 5 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும். குளிர்ந்த இறைச்சி பக்கத்தில் இருந்தால் அளவு குறைத்துக் காட்டும். நாக முலாம் பூசிய தகடு வேண்டாம், தவறிக் கரியில் விழுந்தால் நாகப் புகை வரும்.

சிக்கல் இரண்டு. கீழே மடித்த கொக்கி, 6 மி.மீ. கம்பியில் கொழுப்பு படிந்ததும் வழுக்கிச் சாய்கிறது. பட்டாம்பூச்சி நட்டு போட்டால் கரி பிசின் மரையை அடைத்து, கழற்ற பிளையர் தேடவேண்டியிருக்கிறது. கையாலேயே கழற்றும்படி வேறு என்ன பூட்டு போடலாம்?

அடுத்தது ஒயர். மூடி விளிம்பில் நசுங்குகிறது. டிரம் பக்கவாட்டில் 12 மி.மீ. துளையிட்டு சிலிக்கான் வளையம் போட்டவர்கள் இருந்தால், தட்டுக்கு மேலேயா கீழேயா போட்டீர்கள்? படம் இருந்தால் இன்னும் நல்லது.