பழைய ஹூவர் மெசின்: ஓடவிடலாமா, அப்படியே வைக்கலாமா?

குளக்கட்டு:
நெளுக்குளத்தில் பெரியப்பாவின் வீட்டுப் பின் அறையைத் துப்புரவாக்கும்போது உழுந்து மூட்டைகளுக்குப் பின்னால் உடுப்புத் தோய்க்கிற மெசின் ஒன்று கிடந்தது. அவர் கொழும்பில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தபோது வாங்கி, பென்சன் எடுத்ததும் ஊருக்குக் கொண்டுவந்தாராம். பெரியம்மா அதில் ஒரு உடுப்பும் தோய்த்ததில்லை, எலி புகாது என்று விதைநெல்தான் போட்டு வைத்திருந்திருக்கிறார். தகட்டில் ஹூவர் 0307 என்று இருக்கிறது. சதுரப் பெட்டி, மேலே கையால் சுற்றிப் பிழிகிற இரண்டு ரப்பர் உருளை. பழைய இரும்பு எடுக்கிறவர் கிலோக் கணக்கில் விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார், தம்பி வெள்ளைப் பெயின்ட் அடித்து விறாந்தையில் வைப்போம் என்கிறான். எனக்கு ஓடவைத்துப் பார்க்கத்தான் ஆசை. கரண்ட் கொடுக்கலாமா? வயர் சிவப்பு, கறுப்பு, பச்சை. தொட்டால் ரப்பர் உதிர்கிறது.

வயரிங்காரன்:
இப்ப கொடுக்காதீங்க. அந்த நிறங்கள் பிரிட்டனின் பழைய முறை: சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை ஏர்த். உதிர்கிற ரப்பர் வயரும் தகரப் பெட்டியும் ஈரக் கையும் ஒன்றாகச் சேரக் கூடாது. முழு வயரையும் மாற்றுங்கள், பச்சை மஞ்சள் ஏர்த் வயரைப் பெட்டியின் உலோகத்திலேயே இறுக்குங்கள், கரண்ட் கசிந்தால் தானாக நிற்பாட்டுகிற ரிப் சுவிட்ச் இல்லாத பிளக்கில் கொழுவவே வேண்டாம். மோட்டருக்குக் கரண்ட் கொடுக்க முதல் கையால் சுழற்றிப் பாருங்கள், இறுகியிருந்தால் கழற்றித் துப்புரவாக்கி எண்ணெய் போடவேணும். இது பிரிட்டன் சாமான், எங்கட 230 வோல்ட்டுக்குச் சரிவரும். ஜப்பானில் இருந்து வருகிற பாவித்த மெசின்கள் 100 வோல்ட், அதுகளுக்குத்தான் ட்ரான்ஸ்போமர் தேடித் திரியவேணும்.

பரந்தன் பொடியன்:
நல்ல காலம் உங்களுக்கு. எங்கட பக்கம் 2009க்குப் பிறகு திரும்பி வந்தபோது பல வீடுகளில் கூரைத் தகடே இல்லை, மெசின் எங்கே மிஞ்சும்? அதனால் சொல்கிறேன், இரும்புக்காரரைப் படலையோடு திருப்பி அனுப்புங்கள். ஆனால் உடுப்புத் தோய்க்க அது எதற்கு? கிணற்றடியில் கல்லு இருக்குதுதானே.

ஒட்டுசுட்டானில் இருந்து கனடா:
தம்பி பரந்தன், அந்தக் கல்லில் குனிந்து நின்று பத்துப் பேருக்குத் தோய்த்த அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொல்லும்.
குளக்கட்டு, 0307தான் ஹூவர் விற்ற முதல் தோய்க்கிற மெசின். 1948இல் வேல்ஸில் மெர்தர் டிட்வில் என்ற இடத்தில் தொழிற்சாலை திறந்து செய்தார்கள். தொட்டியின் பக்கச் சுவரில் ஒரு தட்டு சுழலும், அவ்வளவுதான், தண்ணியை அது அடித்துத் திருப்பும். ஜப்பானில் சான்யோ 1953இல் இறக்கின மெசினும் அந்த வழியில் வந்ததுதான். எனக்கென்றால் இதைவிடப் பிடித்தது அமெரிக்காவின் மேடேக், கரண்ட் இல்லாத பண்ணை வீடுகளுக்காகப் பெட்ரோல் எஞ்சின் பூட்டி விற்றவர்கள், காலால் உதைத்து ஸ்டார்ட் பண்ணலாம். எங்கட வன்னியில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளே ஓடின காலத்தில் அப்படி ஒன்று கிடைத்திருந்தால் ஒழுங்கைக்கே தோய்த்திருப்போம்!
பெயின்ட் மட்டும் அடிக்க விடாதீங்க. கீறலும் துருப்புள்ளியும் இருந்தால் இருக்கட்டும், புதுப் பெயின்ட் அடித்தால் சேகரிக்கிறவன் திரும்பியும் பார்க்க மாட்டான். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், ஆகவே உரஞ்சுகிற வேலையும் வேண்டாம்.

குளக்கட்டு:
சரி, தம்பியிடம் பெயின்ட் கதை முடிந்தது என்று சொல்லிவிட்டேன். மோட்டர் கையால் சுழல்கிறது. உருளைகள் கல்லுமாதிரி இறுகிப்போய், ஒரு பக்கம் தட்டையாகவும் இருக்கிறது.

ஒட்டுசுட்டானில் இருந்து கனடா:
அழுத்தத்தைத் தளர்த்தாமல் வைத்தால் அப்படித்தான் வரும், இப்பவே தளர்த்திவிடுங்கள். இறுகின ரப்பர் திரும்ப மென்மையாகாது, வேணுமென்றால் உருளைக்கு ரப்பர் போடுகிற இடத்தில் புதிதாகச் சுற்றலாம், பழையதை எறியாமல் வையுங்கள். பிழியும்போது பொத்தான்களை உள்பக்கம் மடித்து விடவேணும், இல்லையென்றால் உடைந்து தெறிக்கும். சின்னப் பிள்ளைகளை உருளைக்குக் கிட்ட விடாதீங்க.

வயரிங்காரன்:
முதல் ஓட்டத்துக்கு மழைத் தண்ணி விடுங்கள். எங்கட கிணற்றுத் தண்ணி காய்ந்தால் வெள்ளையாகப் படியும், சுழல்கிற தட்டின் அச்சில் பிடித்தால் கழற்றுவது பெரும்பாடு. விதைநெல் உமியும் அடியில் கிடக்கும், வடிகுழாயை ஒருக்கா ஊதிப் பாருங்கள்.